ஹார்ட் ஒன்பதும் சம்பந்தியும்: குறிப்பறிதல் பற்றிய ஓர் ஆய்வு

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திருச்சி தில்லைநகரில் எங்கள் வீட்டு ஊஞ்சலுக்குப் பக்கத்து மேஜையில், நான் ஹார்ட் ஒன்பதைப் போட்டேன். எதிரே இருந்த என் கூட்டாளி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, தம் கையிலிருந்து ஒரு டைமண்டை எடுத்து வைத்தார். அவர் பார்த்ததற்கும் வைத்ததற்கும் இடையே நான்கு விநாடி இருக்கும். இக்கட்டுரை அந்த நான்கு விநாடியைப் பற்றியது.

கூட்டாளி என்று பொதுவாகச் சொன்னேன். உறவு முறையில் அவர் என் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார். ஆய்வின் முறையியலை இந்த ஒரு தகவலே தீர்மானித்துவிட்டது. வேறு கூட்டாளி என்றால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். பெண்ணைக் கொடுத்த இடத்தில் குரல் உயர்த்த முடியாது. குரல் உயர்த்த முடியாதவன் கட்டுரை எழுதுகிறான். தமிழில் பல ஆய்வுகள் இப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டு, எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு கட்சி. ஆளுக்கொரு சீட்டாக விழும் ஒரு சுற்றுக்கு ட்ரிக் என்று பெயர்; மற்ற இனங்களை வெட்டும் இனம் துருப்பு. ஏலத்தில் வென்ற கட்சியில் ஒருவர் டிக்ளேரர். அவருடைய கூட்டாளி தம் சீட்டுகளை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு டம்மி என்ற பெயரோடு சும்மா இருப்பார். ஆகவே டிக்ளேரர் தம் கட்சியின் 26 சீட்டுகளையும் பார்த்து ஆடுகிறார். எதிர்த்துத் தடுக்கிற இருவருக்கோ கூட்டாளியின் கை தெரியாது. வாய் திறக்கவும் கூடாது. அவர்களுக்குள்ள ஒரே மொழி, எதற்கும் உதவாத சின்னச் சீட்டுகளை எந்த வரிசையில் போடுகிறோம் என்பதுதான். ஒருவர் கைக்கு வரக்கூடிய சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. நான்கு கைகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது 29 இலக்க எண். இத்தனையிலும் சம்பந்தி டைமண்டைத்தான் வைப்பார் என்பது என் கருதுகோள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க அவகாசமில்லை. மாலை ஐந்தரைக்குப் பெங்களூரிலிருந்து பேத்தியின் வீடியோ அழைப்பு வந்துவிடும். அந்த அழைப்புக்காகத்தான் ஞாயிறுதோறும் இரண்டு குடும்பமும் கூடுகிறோம். அதுவரை பொழுது போக வேண்டுமே என்று தொடங்கியதுதான் பிரிட்ஜ். ஆண்கள் இருவரும் ஒரு கட்சி, எங்கள் மனைவியர் இருவரும் ஒரு கட்சி.

இனி முன்னோர் கருத்து. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று 71ஆம் அதிகாரம்: அரசன் மனத்தில் உள்ளதை அமைச்சன் அறிவது. மற்றொன்று 110: காதலியின் மனத்தில் உள்ளதைக் காதலன் அறிவது. 133 அதிகாரத்தில் வேறெந்தத் தலைப்புக்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லை. ஒரே தலைப்பு ஏன் இரண்டு இடத்தில் வந்தது என்பதற்கு உரையாசிரியர்கள் என்ன காரணம் சொன்னாலும், பிரிட்ஜ் ஆடியவனுக்கு விளக்கம் தேவையில்லை. எதிரே இருப்பவர் முதல் பத்து நிமிடம் அரசன், அடுத்த பத்து நிமிடம் ஊடியிருக்கும் காதலி.

இது பொருட்பால் என்றும், அன்று, இன்பத்துப்பால் என்றும் வழக்காடுவாருக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1929 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் பென்னட் தம்பதியர் கூட்டாளிகளாக ஆடினார்கள். கணவர் நாலு ஸ்பேட் ஆடித் தோற்றார். வாக்குவாதம் முற்றி, அவர் மனைவியை அறைந்தார். மனைவி மர்ட்டில் துப்பாக்கியை எடுத்துக் கணவரைச் சுட்டுக் கொன்றார். 1931-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் கணவர் அப்போது டிக்ளேரராக ஆடினாரே தவிர, தடுப்பாட்டம் ஆடவில்லை. ஆகையால் இந்த வழக்கு நம் ஆய்வின் எல்லைக்குள் வராது.

குறிப்புச் சீட்டின் வரலாறு ஆட்டத்தைவிடப் பழையது. விஸ்ட் என்ற மூத்த ஆட்டத்தில், துருப்பை ஆடு என்று கூட்டாளியைக் கேட்பதற்காக, தேவையில்லாத இடத்தில் பெரிய சீட்டை முதலிலும் சிறியதை அடுத்தும் போடும் வழக்கத்தை 1834-ல் லண்டனில் ஹென்றி பென்டிங்க் பிரபு ஏற்படுத்தியதாகச் சொல்வார்கள். அதற்கு ப்ளூ பீட்டர் என்று பெயர். புறப்படத் தயாரான கப்பலில் ஏற்றுகிற, நடுவில் வெள்ளைச் சதுரம் வைத்த நீலக் கொடியின் பெயர் அது. தாம் கண்டுபிடித்ததற்காகப் பிரபு கடைசிவரை வருந்தினாராம்: முன்பெல்லாம் சூட்டிகையான ஆட்டக்காரருக்கு மட்டும் புரிந்தது, சைகை வந்த பிறகு மந்தமானவருக்கும் புரிந்துவிட்டதே என்று. அவருக்கு என் சம்பந்தியைத் தெரியாது. தெரிந்திருந்தால் நிம்மதியாகக் கண்மூடியிருப்பார். நாம் இன்று ஆடும் கான்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளிக் கணக்கை ஹரால்ட் வாண்டர்பில்ட் வகுத்ததும் 1925-ல் பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பலில்தான். ஆக, கப்பல் கொடியின் பெயரில் பிறந்த சைகை, கப்பலில் பிறந்த ஆட்டத்துக்காக 91 ஆண்டு காத்திருந்திருக்கிறது.

இத்துறைக்குத் தமிழில் இலக்கணம் இல்லாத குறையைப் போக்க மூன்று நூற்பா இயற்றியிருக்கிறேன். உரையும் நானே.

"பெரிதிடின் தொடர்க, சிறிதிடின் ஒழிக."

என்பது, கூட்டாளி ஓர் இனத்தைத் தொடங்கும்போது நாம் பெரிய சீட்டைப் போட்டால் 'இன்னும் ஆடு' என்றும், சிறியதைப் போட்டால் 'வேறு பார்' என்றும் பொருள்படும் என்றவாறு. பெரிது என்றது எதனை? ஐந்து பெரிதா எனின், 2, 3, 4 எங்கே என்று திருப்பிக் கேட்க வேண்டும். அவை டம்மியிலும் இல்லை, தன் கையிலும் இல்லை, டிக்ளேரரும் போடவில்லை என்றால் ஐந்தும் பெரிதே. ஒன்பதுக்கு இந்த ஆராய்ச்சிகூட வேண்டாம் என்பதே அடியேன் எண்ணியிருந்தது.

அன்றைய கை இதுதான். சம்பந்தியம்மாள் நாலு ஸ்பேட், அதாவது ஸ்பேட் துருப்பாகப் பத்து ட்ரிக் எடுப்பதாக, ஆடுகிறார். சம்பந்தி ஹார்ட் ஏஸை வைக்கிறார். ராஜாவும் அவரிடமே இருக்கிறது. டம்மியில், அதாவது என் மனைவி விரித்ததில், மூன்று ஹார்ட்; டைமண்டில் ராஜா, ராணி, ஜாக் வரிசையாக. என் கையில் ஹார்ட் இரண்டே இரண்டு: ஒன்பதும் மூன்றும். கிளப் ஏஸும் என்னிடம். சம்பந்தி ராஜாவையும் அடித்து மூன்றாவது ஹார்ட்டும் ஆடினால் நான் துருப்பால் வெட்டுவேன். இரண்டு ஹார்ட், ஒரு வெட்டு, கிளப் ஏஸ், ஆக நாலு ட்ரிக். ஆட்டம் ஒன்று குறைந்து தோற்கும். நான் ஒன்பதைப் போட்டேன். கொடி ஏற்றிய கப்பல் போல அது மேஜைமேல் கிடந்தது. சம்பந்தி டைமண்ட் ஆடினார். சம்பந்தியம்மாள் டைமண்ட் ஏஸால் பிடித்துத் துருப்பை இறக்கி, டம்மியின் டைமண்டுகளில் மிச்ச ஹார்ட் இரண்டையும் கழித்துவிட்டு, பதினோரு ட்ரிக் எடுத்தார். எங்களுக்கு வரவேண்டிய 50 புள்ளி போய், அவர்களுக்கு 450.

ஆட்டம் முடிந்த பின் நடந்த நேர்காணலை அப்படியே தருகிறேன்.

"சம்பந்தி, நான் ஒன்பது போட்டிருந்தேனே?"

"பாத்தேன் சம்பந்தி. நல்ல சீட்டை இப்படி அநியாயமா விட்டுட்டீங்களேன்னு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அதான் ஹார்ட்டே வேண்டாம்னு டைமண்டுக்கு மாத்திட்டேன்."

இதிலிருந்து ஒன்று புலனாகும். அவர் பாராமல் இல்லை. பார்த்தார், இரங்கினார், எனக்கு மேலும் நஷ்டம் வராமல் காப்பாற்றினார். குறிப்பைத் துன்பமாகப் படிக்கும் இந்தக் கூட்டாளியைப் பற்றி நானறிந்த பிரிட்ஜ் நூல் எதிலும் ஒரு வரி இல்லை.

"இறங்கின் இரட்டை, ஏறின் ஒற்றை."

என்பது, டிக்ளேரர் ஓர் இனத்தை ஆடும்போது நாம் பெரியதும் சிறியதுமாக இறங்கிப் போட்டால் நம்மிடம் அந்த இனம் இரட்டைப்படை. சிறியதும் பெரியதுமாக ஏறிப் போட்டால் ஒற்றைப்படை என்றவாறு. இதன் பயன் பின்னர் விளங்கும். விளங்கும்போது எனக்குச் சாதகமாக இருக்காது.

"வெட்டக் கொடுப்பது வீடும் காட்டும்."

வீடு என்றது ஈண்டு முத்தி அன்று. நமக்கு ஏஸ் குடியிருக்கும் இனம். கூட்டாளி துருப்பால் வெட்டுவதற்காக ஒரு சீட்டைக் கொடுக்கும்போது, அது பெரியதாயின் மீதியுள்ள இரண்டு இனங்களில் உயர்ந்ததையும், சிறியதாயின் தாழ்ந்ததையும் திருப்பி ஆடுக என்பது பொருள். அமெரிக்கரான ஹை லாவின்தால் 1930-களில் கண்ட உத்தி இது. இங்கிலாந்தில் இதை மெக்கென்னி என்கிறார்கள். பரப்பியவர் பெயர் அது. பெற்றவர் ஒருவர், பேர் வாங்கியவர் ஒருவர். ஸ்பேட் துருப்பான ஓர் ஆட்டத்தில், வெட்டுவதற்காகச் சம்பந்திக்கு ஹார்ட் இரண்டைக் கொடுத்தேன். உலகத்தில் அதைவிடச் சிறிய சீட்டு கிடையாது. கிளப் வரவேண்டும். வராவிட்டால் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் டைமண்ட் வரலாம். அவர் வெட்டினார், யோசித்தார், துருப்பையே திருப்பி ஆடினார். இப்படி மூன்றாவது வழி ஒன்று இருப்பதை லாவின்தால் கண்டாரில்லை.

சீட்டால் முடியாததை முகத்தால் செய்யலாமே என்பார்க்கு ஒரு விடை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகையில் தொடங்கி உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் வகுத்தார், ஆக முப்பத்திரண்டு. கூட்டாளி தவறான சீட்டை எடுக்கப் போகும்போது அவர் விரல் அதன்மேல் படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை முப்பத்து மூன்றாவதாகச் சேர்க்கலாம். அச்சமும் வெகுளியும் இளிவரலும் ஒரே நேரத்தில் தோன்றும் நிலைக்களன் வேறு கிடையாது. ஆனால் தொல்காப்பியர் அனுமதித்ததைப் பிரிட்ஜ் சட்டம் அனுமதிப்பதில்லை. சீட்டைக் கொண்டு சொல்லலாம்; முகம், குரல், தயக்கம் எதைக் கொண்டும் சொல்லக் கூடாது. சீட்டால் சொல்வதன் பொருளையும் எதிர்க் கட்சி கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதனால் ஒரு விசித்திரம் உண்டாயிற்று: என் சைகைகளின் பொருள் மேஜையில் மூன்று பேருக்குத் தெரியும். நான், என் மனைவி, சம்பந்தியம்மாள்.

சட்டத்தை மீறியவர்களும் உளர். குறளில் கூடாவொழுக்கம் 28ஆவது அதிகாரமாக அமைந்ததும், தெற்கே திண்ணைகளில் பெயர் பெற்ற சீட்டாட்டத்துக்கு இருபத்தெட்டு என்று பெயர் வாய்த்ததும் தற்செயல்தானா என்பது தனி ஆய்வுக்குரியது. 1965-ல் புவனோஸ் ஐரிஸில் நடந்த உலகப் போட்டியில், டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷபிரோ என்ற பிரிட்டிஷ் ஜோடி சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஹார்ட் எண்ணிக்கையைச் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்டது. உலகக் கூட்டமைப்பு குற்றம் என்றது; அவர்கள் நாட்டு விசாரணை 1966-ல் விடுவித்தது. 1975-ல் பெர்முடாவில், கூட்டாளிகள் முகம் பார்க்காதபடி மேஜைக்குக் குறுக்கே முதன்முறையாகத் திரை கட்டினார்கள். முகம் மறைந்ததும் ஓர் இத்தாலிய ஜோடி மேஜைக்கடியில் காலால் பேசுவதாகப் புகார் வந்து கண்டனம் பெற்றது. பிறகு கீழேயும் தடுப்பு வைத்தார்கள். 2013-ல் பாலியில் நடந்த முதியோர் உலகப் போட்டியில் ஜெர்மானிய மருத்துவர்கள் இருவர் இருமலால் செய்தி அனுப்பியதாக அடுத்த ஆண்டு தீர்ப்பாயிற்று. மனித உடம்பில் எந்த உறுப்பும் பாக்கியில்லை.

இந்த வழக்குகளைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு ஏக்கம் உண்டு. கூடாவொழுக்கம்தான், ஆனாலும் ஒருவர் இரும, மற்றவர் அதைக் கவனித்திருக்கிறார்! கார்த்திகையில் எனக்கு உண்மையாகவே இருமல் வந்தது. உள்நோக்கம் எதுவும் இல்லை. "மழையில நனைஞ்சீங்களா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டு அவர் டைமண்ட் ஆடினார். என் மனைவி சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தாள். வரும்போது என் சீட்டையும் பார்த்துவிட்டாள்.

தீர்வுகளை நோக்கி நான் செய்த சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று நூற்பாவையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். பயபக்தியோடு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். சட்டையோடு சேர்ந்து அது துவைக்கப்பட்டது. பிறகு, சிறியது போட்டால் தொடர், பெரியது போட்டால் விடு என்று சிலர் ஆடும் தலைகீழ் முறைக்கு மாறிப் பார்த்தேன். கவனிக்கப்படாத சைகையைத் தலைகீழாக்கினால் தலைகீழாகக் கவனிக்கப்படாது. வேறு மாற்றம் இல்லை. ஃபாஸ்டர் என்பவர் கண்ட பதினொன்றின் விதியையும் விட்டுவைக்கவில்லை. ஓர் இனத்தில் மேலிருந்து நாலாவது சீட்டைக் கூட்டாளி வைத்தால், அந்த எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்து வருவது, அதைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கைகளில் எத்தனை என்பது. அழகான கணக்கு. சம்பந்தி ஆறு வைத்தார். ஐந்து என்று கழித்தேன். டம்மியில் இரண்டு, என்னிடம் மூன்று. ஆக டிக்ளேரரிடம் ஒன்றும் இல்லை. துணிந்து ஆடினேன். டிக்ளேரரிடம் ராணி இருந்தது. "மேலேருந்து நாலாவதா? நான் கையில ஓரமா இருந்ததைல்ல வச்சேன்" என்றார்.

நீண்ட காலப் பழக்கம் குறிப்பறிதலை வளர்க்கும் என்று ஒரு கொள்கை உண்டு. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆண்கள் இரட்டையரில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. இந்தச் செய்தியை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். நானும் சம்பந்தியும் ஆடத் தொடங்கி நாலு வருடம். ஆகவே பொறுத்திருந்தால் போதும் என்று நம்பினேன். இந்தக் கொள்கையை முறியடித்தவர்கள் எங்கள் மனைவியர். அவர்கள் சேர்ந்து ஆடத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வைத்த வரிசைத் தட்டு 21 என்பது சம்பந்தியம்மாள் வாக்கு. தான் எண்ணியபோது 20 என்பது என் மனைவியின் வாக்கு. நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையில் தட்டு வைப்பார்களா என்ற கேள்வி எழுந்து, அது விடை பெறாமல் ஐந்து வருடமாக இருக்கிறது. பேத்தியின் அழைப்பில் இருவரும் பேத்தியோடு பேசுவார்கள். பிரிட்ஜில் கூட்டாளிகளானதும் நட்பினால் இல்லை. சதுர மேஜையில் ஒருவருக்கொருவர் அதிகத் தூரத்தில் உட்காரக்கூடிய இடம் எதிர் இடம். பிரிட்ஜில் அது கூட்டாளியின் இடமாகப் போயிற்று.

சென்ற மாதம் நான் மூணு நோ டிரம்ப் ஆடினேன். சம்பந்தி டம்மி, அந்தப் பாத்திரத்தில் அவர் குறை சொல்ல முடியாதவர். டம்மியில் டைமண்ட் ஐந்து: ராஜா, ராணி, ஜாக், பத்து, மூன்று. வேறு இனத்தில் டம்மிக்குப் போக வழியில்லை. என்னிடம் டைமண்ட் இரண்டே. ஏஸ் என் மனைவியிடம். அவள் ஏஸை எப்போது எடுப்பாள் என்பதில்தான் என் பிழைப்பு: முதல் சுற்றில் எடுத்தால் மிச்சம் நாலும் எனக்கு, மூன்றாவது சுற்றுவரை வைத்திருந்தால் எனக்கு இரண்டு கிடைக்கும், அதுவும் போதும். சரியாக இரண்டாவது சுற்றில் எடுத்தால் தொலைந்தேன். நான் டைமண்ட் ஆடினேன். சம்பந்தியம்மாள் இரண்டைப் போட்டார். டம்மியின் ராஜாவுக்கு என் மனைவி நாலைப் போட்டு விட்டுக்கொடுத்தாள். வேறு இனத்தில் என் கைக்குத் திரும்பி மறுபடி டைமண்ட் ஆடினேன். சம்பந்தியம்மாள் ஐந்து. இரண்டு, ஐந்து: ஏறுகிறது. என் மனைவி அந்த ஐந்தை, கல்யாண மண்டபத்தில் தட்டுகளைப் பார்த்த அதே பார்வை பார்த்தாள். ஏறின் ஒற்றை, ஆகவே எதிரே மூன்று, டம்மியில் ஐந்து, தன்னிடம் மூன்று, எனக்கு இரண்டு. ஏஸை எடுத்தாள். டம்மியில் மூன்று டைமண்ட் கல்யாணத்துக்குப் பிந்திய பூமாலை போலக் கிடந்தன.

மேஜையில் யாரும் ஒன்றும் பேசவில்லை. புள்ளி எழுதும்போது என் மனைவி என்னைப் பார்த்து, "அவங்க எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

சம்பந்தியம்மாள் தன் கணவரைப் பார்த்து, "எப்பவுமே சரியாத்தான் இருக்கும்" என்றார்.

சம்பந்தி என்னைப் பார்த்து, "டைமண்ட் நல்ல இனம்தான் சம்பந்தி, ராசி இல்லை" என்றார்.

ஆய்வின் முடிபு வருமாறு. எதிரே இருப்பவர் போடும் ஒவ்வொரு சீட்டையும், இதில் என்ன உள்ளர்த்தமோ என்று சந்தேகத்தோடு பார்ப்பவரே நல்ல கூட்டாளி. எங்களுக்குள் சந்தேகமே இல்லை. நான் எது போட்டாலும் நல்ல எண்ணத்தில் போட்டதாகவே அவர் எடுத்துக்கொள்கிறார். நானும் இதுவரை அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த நிலையில் தடுப்பாட்டம் தேறாது. ஆகவே அடுத்த கட்டச் சோதனைக்கு எனக்கும் சம்பந்திக்கும் இடையே ஒரு மனஸ்தாபம் தேவைப்படுகிறது. அது பெரிதாக இருக்கக் கூடாது. மகள் காதுக்கும் மாப்பிள்ளை காதுக்கும் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் காப்பி பலகாரத்தைப் பாதிக்கக் கூடாது. ஆனால் குறைந்தது ஐந்து வருடம் நீடிக்க வேண்டும். இப்படி ஒரு சண்டைக்குத் தகுந்த காரணம் தெரிந்த வாசகர்கள் ஆசிரியர் முகவரிக்கு எழுதலாம். தை பிறப்பதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். சம்பந்தி இந்த இதழை வாங்குவதில்லை என்பதை விசாரித்துவிட்டேன்.